மீன் கண்

"காத்துக்கு நான் இன்னாம்மா, கேட்டா போட முடியும்?" என்றார் சாம்பசிவன், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே.

"கேட் போட வேணாம். அந்த ஸ்ப்ரேயை நிறுத்துங்க. சனிக்கிழமை வரைக்கும் போதும்."

"நிறுத்திட்டு? என் ஆளுங்களுக்கு உன் ஷெட்லயா சோறு?"

"ஒரு கொழந்தை கால் சார்! எட்டு வயசுப் பொண்ணு, இரும்பை மாட்டிகினு இழுத்துகினு போவுது. உங்களுக்கு மனசே கெடையாதா?"

"இல்லம்மா. வித்துட்டேன். போய் வேலையைப் பாரு."

திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அந்தத் தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. புஷ்பம் விறுவிறுவென்று தன் ஷெட்டுக்குத் திரும்பினாள். உள்ளே வந்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கார்பன் ஃபைபர் என்ற பேரே பலருக்கும் புதுசாக இருந்த தொண்ணூற்றாறில், போலியோவில் கால் சூம்பிய குழந்தைகளுக்கு அதில் கால் தாங்கி செய்து காட்டுகிறேன் என்று கிளம்பியவள் அவள். கறுப்புத் துணி மாதிரி இருக்கும் அந்த இழையை அச்சில் படிய வைத்து, ரெசின் என்ற பிசினைப் பூசி இறுக விட்டால் இரும்பைப் போல உறுதி. எடையோ, கையில் இருப்பதே தெரியாது.

தொட்டுப் பார்த்தால்தான் வினை. மேலெல்லாம் குட்டிக் குட்டிக் குழிகள். அவளிடம் வேலை செய்த ஐசக் அதற்கு மீன் கண் என்று பேர் வைத்திருந்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், குழி மறைவதற்குள் இழை வெளியே வந்து முள்ளாகக் குத்தியது.

தாம்பரத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் பாலாம்பாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வெயிட் பிரமாதம், புஷ்பம். ஆனா இதை நாள் பூரா ஒரு கொழந்தையோட தோல் மேல கட்ட மாட்டேன். வேர்வை தங்கும், புண்ணாயிடும். சனிக்கிழமை கடைசியா பார்க்கறேன். சரியா வரலேன்னா அந்த எட்டு வயசு சரசுவுக்குப் புதுசா இரும்புலயே பண்ணச் சொல்லிடுவேன்."

முகம் தெரியும்வரை அச்சைப் பாலிஷ் போட்டாள். மெழுகை மாற்றினாள், ரெசினை மாற்றினாள். ஐசக்கை மணிக்கொரு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தாள். மீன் கண் போகவில்லை.

எஸ்டேட்டே மூடிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு துண்டு போட்டுப் பார்த்தாள். கண்ணாடி! திங்கட்கிழமை போட்டால் மறுபடி குழி.

அப்போதுதான் பொறி தட்டியது. பக்கத்து ஷெட்டில் சாம்பசிவனுக்கு ரப்பர் சாமான் தொழில். ரப்பர் அச்சில் ஒட்டாமல் இருக்க சிலிக்கோன் ஸ்ப்ரே அடிப்பார்கள். அது காற்றில் மிதந்து வந்து இவள் அச்சில் உட்கார்ந்துகொள்கிறது. அது இருக்கும் இடத்தில் ரெசின் ஒட்டாமல் விலகிக் குழி விழுகிறது.

கேட்கப் போனதற்குத்தான் அந்த மரியாதை.

மறுநாள் காலை ஐசக் ஓடி வந்தான். "அக்கா! சாம்பசிவன் சார் ஷெட்டு பூட்டிக் கீது. மிஷின் அவுட்டாம். டீக்கடையில பேசிக்கறாங்க."

"நல்லா வேணும்! கடவுள் எங்கேயும் போயிடலடா. அச்சை எடு."

தரையைக் கழுவினார்கள். அச்சைத் துடைத்துத் துடைத்து மினுக்கினார்கள். முதல் பூச்சு, அதன் மேல் துணி, மறுபடி ரெசின். மேலே பிளாஸ்டிக் உறையை மூடி, பம்ப்பை வைத்து உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சினார்கள். புஷ்பம் மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு நின்றாள்.

நன்றாக இறுகிய பிறகு மரச் சுத்தியால் அச்சைத் தட்டினான் ஐசக். 'டொப்'பென்று கழன்று வந்தது.

கறுப்புக் கண்ணாடி. கூரையில் எரிந்த டியூப்லைட் அதில் கோணாமல் தெரிந்தது. ஐசக் உள்பக்கம் கையை ஓட்டினான். "அக்கா, வழுக்குதுக்கா!"

சனிக்கிழமை டாக்டர் தன் புடவைத் தலைப்பைத் தாங்கிக்குள் விட்டு மெதுவாக இழுத்தார். ஓரிடத்திலும் மாட்டவில்லை. சரசுவைக் கூப்பிட்டு, காலில் பொருத்தி வாரைக் கட்டினார்.

சரசு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிறகு சுவரை விட்டாள். வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள்.

"ஓடட்டா டாக்டர்?"

"முதல்ல நடடீ!" டாக்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "புஷ்பம், காத்துக்கிட்டிருக்கற கொழந்தைங்க எல்லாருக்கும் பண்ணிக் கொடு."

திரும்பும்போது லட்டு வாங்கிக்கொண்டாள் புஷ்பம். ஒரு ஷெட் விடாமல் கொடுத்தாள். சாம்பசிவனின் பூட்டிய ஷெட் வாசலில் அவரிடம் வேலை பார்க்கும் மாரி, ரப்பர் மூட்டையை டிரைசைக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தான். விடுவாளா?

"எடுத்துக்கோ மாரி. உங்க மொதலாளிக்கும் ஒண்ணு குடு. அவர் மிஷின் படுத்துச்சு, அந்தப் பொண்ணு எழுந்து நின்னுட்டா!"

"மிஷின் எங்கக்கா படுத்துச்சு? சோக்கா ஓடிகினு கீது. சிட்லபாக்கத்துல அவரு வூட்டுப் பின்னால கொண்டுபோய் போட்டுட்டாரு. நீங்க சத்தம் போட்டுட்டுப் போனீங்களே, அன்னிக்கே தூக்கிட்டாரு. ரப்பர் நாத்தம் தாங்கலன்னு வூட்ல அம்மா கத்திகினு கீறாங்க. இனிமே ஸ்ப்ரேயெல்லாம் அங்கதானாம்."

புஷ்பம் ஷெட்டில் தொங்கிய பூட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ... மிஷின் அவுட்டுன்னு ஏன் சொன்னாரு?"

மாரி லட்டைக் கடித்துக்கொண்டே சொன்னான்:

"'நெசத்தைச் சொன்னா அந்தம்மா நன்றி சொல்றேன்னு வந்து நின்னு அழுவும், பெரிய பேஜாராப் பூடும்'னாருக்கா."