படகுக்காரனின் கடிதம்

“ராஜாவக் காப்பாத்தியாச்சு, அரக்கனக் கொன்னாச்சு. படகுக்காரன் கடிதாசியெல்லாம் கிளைக்கதைடி. அடுத்த பாகத்துல அத எவன் கேக்கப் போறான்?” என்கிறாள் அக்கா. தங்கை திரையைக் காட்டுகிறாள். வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகம் தொடங்குமுன், அக்கா ஆடி முடித்த முதல் பாகத்திலிருந்து எதையெல்லாம் எடுத்துவருகிறது என்று ஒரு பட்டியல் நிற்கிறது. அரசன் உயிரோடு இருக்கிறான். நகரம் தப்பித்தது. கடைசி வரி பொடி எழுத்தில் இருக்கிறது: அப்பாவின் கடிதம் வராததால் படகுக்காரனின் மகள் ஊரைவிட்டுப் போய்விட்டாள். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அந்த வரியின்மேல் சாய்க்கிறது. பின்கட்டில் துவைக்கும் இயந்திரம் சுற்றி ஓய்கிறது. அக்காவின் கட்டைவிரல் பொத்தானைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. அழுத்தி இரண்டாம் பாகத்தைத் தொடங்கிவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது. ஒரு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கைதான், “பாவம்க்கா, வாங்கிக்கோ” என்று, மகளிடம் சேர்க்கச் சொல்லிப் படகுக்காரன் நீட்டிய அந்தக் கடிதத்தை வாங்க வைத்தவள்.

“ஊரையே காப்பாத்தினவளுக்கு ஒரு கடிதாசி குடுக்க நேரமில்லையாக்கும்.”

“போடி, பெரிய தபால்காரி.”

இருவருக்கும் சிரிப்பு வந்து அடங்குகிறது. மடித்த துணிகளை மடியில் வைத்தபடியே தங்கை கொஞ்சம் நெருங்கி உட்காருகிறாள்.

“அக்கா, ஒரே ஒரு தடவ பழைய பாகத்துக்குப் போய், அத அவ கையில குடுத்துட்டு வந்துடேன்.”