வெள்ளிக்கிழமை வெந்நீர்

வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்து, ஆவி பறக்கும் வெந்நீரைத் தன் மகள் எழிலியின் தலையில் ஊற்றுவது சௌந்தரத்தின் வழக்கம். சில வாரங்களில், குளித்துக்கொண்டிருக்கும்போதே எழிலிக்கு வலிப்பு வந்துவிடும். தாய் இரும்புச் சாவியை எடுத்துவந்து அவளுடைய உள்ளங்கையில் திணிப்பாள். உடம்பில் குளிர்ச்சி ஏறியதால்தான் வலிப்பு வருகிறது என்று நம்பி, அடுத்த வாரம் நீரை இன்னும் சூடாக்குவாள்.

“கொஞ்சம் ஆறட்டும்மா” என்று மகள் கெஞ்சியதுண்டு.

“தலைக்கு ஊத்தணும்னாலே உனக்கு ஒரு சாக்கு” என்பாள் தாய்.

நேற்று நரம்பியல் மருத்துவர், தாய் மகள் இருவருக்கும் எடுத்த மரபணுப் பரிசோதனையின் முடிவைச் சொன்னார். மூளையின் நரம்புச் செல்களுக்குள் உப்புகள் போய்வருவதைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் பிழை இருக்கிறது. தலை திடீரெனச் சூடேறும்போது அந்தக் கட்டுப்பாடு தவறி, வலிப்பு வருகிறது.

“என்கிட்டேருந்து வந்ததா, டாக்டர்?”

“ஆமாம்மா. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? சுடுதண்ணிய மட்டும் இனிமே தலையில ஊத்தாதீங்க.”

வீடு வந்து சேரும்வரை அந்தக் கடைசி வாக்கியத்தையே சௌந்தரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. குழாய் நீரைச் செம்பில் மொண்டு, முதலில் மகளின் தோளில் சிறிது ஊற்றிக் காட்டினாள்.

“பாரு, சுடவே இல்ல. தலைக்கு ஊத்தட்டுமா, கண்ணு?”

இதுவரை அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

மனைப்பலகையில் அமர்ந்திருந்த எழிலி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“ஊத்தும்மா. சாவிய மட்டும் முதல்லயே குடுத்துடு” என்று உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.