செவ்வாய்க்கிழமை விசாரணை

“சிவப்பு அட்டையா? இது என்ன சாக்கரா, க்ளெனிஸ்?” என்று சிரித்தான் டெர்மட். இந்த ஊர் ஆஸ்திரேலிய ஃபுட்பால் கிளப்புக்கு, இந்த சீசனுக்குத்தான் மெல்பர்னிலிருந்து கோச்சாக வந்திருக்கிறான். அவர்கள் ஆட்டத்தில் தப்பு செய்தவனை ஆட்டத்தின் நடுவே வெளியேற்றும் வழக்கம் இல்லை.

கிளப் கேன்டீனில் கறி அடைத்துச் சுட்ட மீட் பை அடுக்கிக்கொண்டிருந்த க்ளெனிஸ் சிரிக்கவில்லை. “நாளைக்கு லீக் மீட்டிங்ல ஆதரிச்சுக் கை தூக்குங்க தம்பி. ஆபத்தா மோதுறவனை அந்த நிமிஷமே வெளியே அனுப்பணும்.”

“ஒரு ஆள் குறைஞ்சா நான் எப்படி ஜெயிக்கிறது? அம்பயர் புகார் பண்றார், செவ்வாய்க்கிழமை விசாரணை, நாலு வாரம் தடை. போதாதா?”

“செவ்வாய்க்கிழமை ரொம்ப லேட்டு தம்பி.”

அவள் தலைக்கு மேலே, கிளப் ஜெர்சியில் ஒரு பையனின் படம். கறுப்பு ரிப்பன் சுற்றியிருந்தது. டெர்மட்டின் குரல் இறங்கியது.

“மன்னிச்சுக்குங்க, கேள்விப்பட்டேன். உங்க பையன் மேல மோதினவனை நினைச்சா வயிறு எரியத்தான் செய்யும்.”

“முதல்ல மோதினது என் பையன்தான்.”

டெர்மட் நிமிர்ந்து பார்த்தான்.

“ஆட்டத்தோட முதல் குவார்ட்டர்லயே எதிர் டீம்ல ஒருத்தன் தாடையை உடைச்சுட்டான். அம்பயர் பேரை எழுதிக்கிட்டு, போய் ஆடுன்னு விட்டுட்டார். அவங்க ஆளுங்க சும்மா விடுவாங்களா? கடைசி குவார்ட்டர்ல பழி தீர்த்துட்டாங்க. செவ்வாய்க்கிழமை என் பையனை விசாரிக்கிறதா இருந்தது. அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியில அவனோட மூச்சு மிஷினை நிறுத்திட்டாங்க.”

தட்டில் ஒரு மீட் பை வைத்து, சாஸ் ஊற்றி அவன் பக்கம் தள்ளினாள்.

“முதல் குவார்ட்டர்லயே என் பையனை வெளியே துரத்தியிருந்தா, அம்பயரைக் கண்டபடி திட்டிக்கிட்டு, இதோ, நீங்க நிக்கிற இடத்துல நின்னு இதைத் தின்னிருப்பான்.”