எதை அழுத்தினாலும் பி-6

ஏ-3 அழுத்தினாலும் பி-6. டி-9 அழுத்தினாலும் அதே பி-6.

கண்ணாடிக்குள் இரும்புக் கை நகர்ந்து வந்தது. வரிசையாக நின்ற இசைத்தட்டுகளில் அந்த ஒன்றை மட்டும் உருவிப் போட்டது. கிளாரினெட் பீறிட்டது.

அதே நொடி சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பின்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

“போச்சு, மாஸ்டர் மறுபடி ஓடிட்டாரு!” கல்லாவில் இருந்த ஜோபி தலையில் கை வைத்தார்.

குமுளி செக்போஸ்ட் அருகே இருக்கும் அந்த ஓட்டலின் முதலாளி அவர். ஏதோ எஸ்டேட் கிளப்பை மூடியபோது வாங்கிவந்த பழைய ஜூக்பாக்ஸ் அது. எழுத்து ஒன்று, எண் ஒன்று அழுத்தினால் கேட்ட பாட்டு வரும். டூரிஸ்டுகள் அதை வீடியோ எடுக்கத்தான் உள்ளே வருவார்கள். வந்தவர்கள் பரோட்டா சாப்பிடாமல் போக மாட்டார்கள்.

செல்வலட்சுமி மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தாள். மலைக்குக் கீழே கம்பத்தில் சவுண்டு சர்வீஸ் கடை வைத்திருப்பவள். மேலே இதைத் தொட ஆள் இல்லையென்று, யாரிடமோ நம்பர் வாங்கிக் காலையில் கூப்பிட்டிருந்தார் ஜோபி.

“பாட்டு மாறி வந்தா மாஸ்டர் எதுக்குண்ணே ஓடணும்?”

ஜோபி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அது பாட்டில்ல தங்கச்சி, சிக்னல். ஊர்லேர்ந்து யாராச்சும் வந்து ‘சந்தனம் இருக்காரா’ன்னு கேட்டா, இல்லைன்னு சொல்லிக்கிட்டே நான் பி-6 அமுக்கணும். கத்திச் சொன்னா வந்தவங்களுக்கும் கேட்டுருமே!”

ஸ்குரூ டிரைவர் ஒரு கணம் நின்றது.

“யாரையாச்சும் வெட்டிட்டு வந்துட்டாரா?”

“ஏய், பாவம்! திராட்சைத் தோட்டம் மொத்தமா அழிஞ்சுபோச்சாம். வீட்டு ஆளுக முகத்துல முழிக்க முடியாதுன்னு மலையேறிட்டாரு. காலையிலேர்ந்து எவன் எதை அமுக்கினாலும் இந்தப் பாட்டு. மெஷின் கோளாறுன்னா நம்ப மாட்டேங்கறாரு. இன்னும் ஒரு தடவை கேட்டுச்சுன்னா மூட்டையைக் கட்டிருவேன்னுட்டாரு. அவரு போனா என் கடை போச்சு, கேட்டோ.”

“எந்த ஊராம்?”

“உங்க கம்பம் பக்கந்தான்.” ஜோபி சிரித்தார். “பயப்படாத. நீ மெஷினைத் தேடித்தானே வந்தே!”

பின்கதவு திறந்தது. கரண்டி மறுபடி கல்லைத் தட்டத் தொடங்கியது.

பெட்டிக்குள் ஒரு சக்கரம் இருந்தது. பாட்டுக்கு ஒன்றாக அதில் ஆணிகள். எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்த ஆணி வெளியே நீளும். இரும்புக் கை அங்கே போய் நிற்கும். பி-6 ஆணி மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் மாட்டி, உள்ளே போகாமல் நீட்டிக்கொண்டே நின்றது.

மற்ற ஆணிகளைவிட அது நன்றாகத் தேய்ந்தும் இருந்தது.

“இதை ரொம்பப் போட்டிருக்கீங்க போலயே?”

“அவரு சம்சாரம் மாசாமாசம் வந்து அவரு இருக்காரான்னு கேட்டுட்டுப் போகும். இப்பக் கொஞ்ச காலமாக் காணோம். அலுத்துப்போச்சு போல.”

செல்வலட்சுமி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஆணியைத் துடைத்தாள். அது சொடக்கென்று உள்ளே போனது. பிறகு குனிந்து, ஒரு வயரைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினாள்.

ஏ-3 அழுத்தினாள். ஏ-3 வந்தது. டி-9, சி-1, எல்லாம் சொன்னபடி கேட்டன. உள்ளே கரண்டி நிற்கவேயில்லை.

“பி-6?” என்றார் ஜோபி.

“அதைப் போட்டுப் பாத்தா மாஸ்டர் மூட்டையைக் கட்டிருவாரேண்ணே.”

“அது சரி!” வாய்விட்டுச் சிரித்தபடி ஜோபி ஃபோனை எடுத்தார். “கம்பம் மெக்கானிக்குன்னுதான் உன் நம்பரைப் போட்டு வச்சிருக்கேன். பேரு என்ன?”

“சந்தனம் மக செல்வலட்சுமின்னு போட்டுக்கங்க.”

ஜோபியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, பழகிப்போன விரல் தானாகவே பெட்டிக்குப் போனது.

பி. ஆறு.

இரும்புக் கை நகர்ந்தது. பி-6ஐத் தாண்டியது. அடுத்த தட்டை உருவிப் போட்டது. ஒரு பெண்குரல் நிதானமாகப் பாடத் தொடங்கியது.

பின்கதவு சாத்தப்படவில்லை.

சமையலறையின் முன்பக்கக் கதவுதான் திறந்தது. “மெஷின் சரியாயிருச்சா? மெக்கானிக்குக்குச் சூடா ரெண்டு பரோட்டா...” என்றபடி தட்டோடு வெளியே வந்தார் சந்தனம்.

செல்வலட்சுமி ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.