நாலு வாய்ச் சோறு

"வீட்ல யாருக்காவது கொரோனா வந்துச்சா? மறைக்காம சொல்லுங்க."

டாக்டர் சித்ரலேகா மூன்றாவது தடவையாகக் கேட்டார். மத்தியாஸ் மூன்றாவது தடவையாகத் தலையை ஆட்டினான்.

"உவரியில எங்க வீட்ல பிள்ளை போக ஆறு பேரு, டாக்டரம்மா. ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட இல்ல. அந்தோணியார் மேல சத்தியம்."

அவன் மனைவி லூசி மகளின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் ஏழு வயது மகள் ஆன்லின் துவண்டு கிடந்தாள். ஐந்து நாளாகக் காய்ச்சல். கண் இரண்டும் கோவைப்பழம், உடம்பெல்லாம் தடிப்பு. நேற்று வரை வயிற்றைத் தொட்டால் அலறினாள். இன்று அலறக்கூடத் தெம்பில்லை. கால் சில்லிட்டிருந்தது.

"கொரோனா வந்து போன ஒரு மாசத்துல சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகும்," என்றார் டாக்டர். "உடம்போட எதிர்ப்புச் சக்தியே திரும்பி இதயத்தையும் குடலையும் வீங்க வச்சிரும். அதுவா இருந்தா மருந்து இருக்கு, இப்பவே ஏத்தலாம். சர்ஜன் குடல்வால் வெடிச்சிருக்குங்காரு, ஆப்பரேஷனுக்கு ரெடியா நிக்காரு. இதயம் இருக்குற நிலைமையில மயக்க மருந்தை இவ தாங்க மாட்டா. ரத்த ரிசல்ட் வர நாளைக்கு ஆகும். அதுவரை காத்திருக்கவும் முடியாது."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். லூசிக்குக் குத்திக் கிழித்தது. இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் தாயா, பேயா?

"கொரோனாவும் இல்ல, ஒண்ணும் இல்ல, டாக்டரம்மா. நான்தான் பிள்ளைக்கு விஷத்தக் குடுத்துட்டேன்."

மத்தியாஸ் வெடுக்கென்று திரும்பினான். "ஏட்டி, என்ன உளறுத?"

"போன மாசம் சாளை மீன் குழம்பு வச்சேன். 'நாறுதும்மா'ன்னு இவ தட்டத் தள்ளிட்டா. கன்னத்துல ஒண்ணு போட்டு நாலு வாய் திணிச்சேன். பொறவு பக்கத்து வீட்டு சாரம்மாள் அக்கா மூக்கப் பொத்திக்கிட்டு வந்தாவ. 'எலி செத்துக் கிடக்கா'ன்னு கேட்டாவ. சட்டியத் தொறந்து பாத்துட்டு, 'ஏட்டி, அழுகின மீனையா வச்ச'ன்னு ஏசுனாவ. மீன்லயே கிடக்குத மூக்கு, எனக்குத் தெரியல. மிச்சத்த சத்தமில்லாம கொண்டுபோயி மண்ணுல புதைச்சுட்டேன். யார்ட்டயும் சொல்லல. அந்த விஷந்தான் இப்ப பிள்ளையக் கொல்லுது."

லூசி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"இவ ஒரு கோட்டிக்காரி, டாக்டரம்மா," என்றான் மத்தியாஸ். "அதே குழம்பத்தான் நாங்க ஆறு பேரும் ஒரு பிடி பிடிச்சோம். எங்கம்மை ரெண்டாந்தரமும் வாங்கித் தின்னா. ஒருத்தராவது நாறுதுன்னு சொன்னமா?"

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். போலீசைத்தான் கூப்பிடப் போகிறார் என்று லூசி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சிஸ்டர், ஆப்பரேஷன் வேண்டாம்னு சர்ஜன்கிட்ட சொல்லிட்டு, இந்தப் பிள்ளைக்கு மருந்தை ஏத்துங்க," என்றார் டாக்டர். "அழுகின மீன் நாத்தம் தெரியாம ஆறு பேரு சாப்பிட்டிருக்காங்க. அந்த வீட்ல ஆறு பேருக்குமே கொரோனா வந்து, பிள்ளைக்கும் ஒட்டிட்டுப் போயிருக்கு."