வில்ஃபின் குவளை

எங்கள் பப்பில் பழைய வாடிக்கையாளர்களின் கண்ணாடிக் குவளைகள் கொக்கிகளில் தொங்கும். வில்ஃப் இறந்த பிறகும் அவருடையதை நான் எடுத்துவிடவில்லை. அவர் மனைவி மேவிஸ் கடை சாத்தும் நேரத்தில் அதில் பீர் வாங்கி, ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டுப் போவார். காலையில் குவளை காலியாக இருக்கும். உள்ளே ஐந்து நுரை வளையங்கள். வில்ஃப் ஐந்து மடக்கில் முடிப்பவர். அதைப் பார்த்த பிறகுதான் மேவிஸ் நிம்மதியாகச் சந்தைக்குப் போவார்.

1971இல் மதுக் கம்பெனி மரப்பீப்பாயை நிறுத்திவிட்டு, வாயு ஏற்றிய பீரை அனுப்பியது.

“செத்தவருக்கு ருசியா தெரியப்போகுது?” என்றேன்.

“அவரு நாக்கு உனக்குத் தெரியாதா தம்பி?” என்றார் மேவிஸ்.

மறுநாள் குவளை நிரம்பியபடியே இருந்தது. மேவிஸ் அதைக் கவிழ்த்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் கிளிஃப் கடையில இன்னும் மரப்பீப்பாதானே?”

“ஆமாக்கா.”

அடுத்த நாள் காலையில் மனம் கேட்காமல் நானும் பாலத்தைக் கடந்து போனேன். ஊருக்குப் புதியவனான கிளிஃப், அந்தக் குவளையிலிருந்த ஐந்து வளையங்களையும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

“நேத்து ராத்திரி மேவிஸ் போனப்புறம் வந்தாரே, அந்தப் பெரியவர் யாருப்பா? ஜன்னலோரம் உக்காந்து, உன் கடையில இப்ப விக்கிற பீரு சோப்புத் தண்ணின்னு திட்டிக்கிட்டே குடிச்சாரு.”