வளைவில் கிடந்த இரண்டு கல்

வலது தோள் கழன்று தொங்குவது போல் இருந்தது. அதையே முட்டுக் கொடுத்துத் தள்ளினான்.

முன்னால் பேட்டரி கார். அதன் பின்னால் கொக்கி போட்டு மாட்டிய சின்னச் சக்கர வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மூன்று பேரின் நாலு நாள் லீவு.

அதற்கும் பின்னால் அவன்.

வால்பாறை ரோட்டில் தேயிலை தொடங்குகிற இடம். கொண்டை ஊசி வளைவு. காரின் திரையில் ஆமைப் படம் வந்து அரைமணி நேரம் ஆயிற்று. இதற்கு மேல் என்னால் இழுக்க முடியாது என்று அந்தக் கார் சொல்கிற விதம் அது.

ஆழியாறிலேயே அவன் சொல்லிவிட்டான். ஏத்தத்துக்கு இந்தப் பாரம் ஆகாதுங்க, வீட்டை இங்கேயே கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்று. வீடு இல்லாமல் எதற்கு மலை என்று காருக்குச் சொந்தக்காரரான சார் சிரித்தார்.

பொள்ளாச்சியில் ஒரு நாளைக்கென்று பிடித்த ஆக்டிங் டிரைவரிடம் சிரிக்கத்தான் செய்வார்கள்.

இப்போது ஸ்டீயரிங் சார் கையில். தள்ளுகிற வேலை டிரைவருக்கு.

வண்டி நகர்ந்தது.

அவன் குதிகாலில் கல் இடித்தது. இரண்டு கல். நின்ற வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தவை. பத்து வருடம் லாரியில் கிளீனராக இருந்தவனுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வண்டி கிளம்பினால் கல்லை ரோட்டை விட்டு உருட்ட வேண்டும் என்பதையும்தான்.

குனிந்தான்.

"டிரைவர், ஓடியாங்க! நிறுத்துனா மறுபடி எடுக்காது!"

நிமிர்ந்தான். ஓடினான். முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

கல்லை விட்டுவிட்டுப் போகிற லாரிக்காரனை அவன் ஆத்தாளோடு சேர்த்துத் திட்டுவார்கள். திட்ட வேண்டியதுதான். வளைவில் கிடக்கிற கல், வருகிறவன் யார் என்று பார்ப்பதில்லை.

"கல்லு ரெண்டும் ரோட்டுலயே கெடக்குதுங்க சார்."

"யாராச்சும் எடுத்துப் போட்டுருவாங்க. நீங்க ஏசியப் போட்டுறாதீங்க, சார்ஜ் எறங்கிரும்."

பின்சீட்டிலிருந்து சாரின் மனைவி ஈரக் காகிதம் நீட்டினார். மகள் இனியா முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

யாராச்சும். அந்த யாராச்சும் ஒருநாளும் சார் வீட்டு ஆளாக இருந்ததில்லை.

அவன் முகம் துடைத்தான். காகிதம் கறுத்தது. கோபம் சார் மேலா, ஏறிக்கொண்ட தன் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எதிரே ஒரு பைக் இறங்கியது. பனியில் விளக்குகூடப் போடவில்லை. டேங்கின் மேல் ஒரு குழந்தை. பின்னால் ஒரு பெண்.

கதவைத் திறந்தான்.

"யோவ், என்ன பண்றீங்க?"

ஆமை வேகம்தான். குதித்தான்.

"நில்லுங்க! கல்லு! கல்லு!"

பைக் வளைவில் திரும்பிவிட்டது.

ஓடியபடியே அந்தச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்தான். தகரம் தாரில் இழுபடுகிற சத்தம்.

வரவில்லை.

வளைவில் ரோடு சுத்தமாக இருந்தது. கல் இரண்டும் ஓரத்தில். தடுப்புச்சுவரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் பிளாஸ்டிக் தாள், பக்கத்தில் கொழுந்து மூட்டை. நடுவிரலை வாயில் வைத்திருந்தாள்.

வெளியே எடுத்தபோது நகம் இருந்த இடத்தில் சதைதான் இருந்தது.

"நீ வெச்ச கல்லா?"

"ஆமாங்க்கா."

"வெக்கத் தெரிஞ்ச கைக்கு எடுக்கத் தெரியாமப் போச்சா? என்ன நோவு வந்துச்சு ஒனக்கு? நீ ஏறி ஓடுனதப் பாத்துத்தான் தோட்டத்துலருந்து எறங்கி வந்தேன். மேல பைக்கு சத்தம் கேட்டுச்சு. அவசரத்துல ரெண்டாவது கல்லு வெரல்ல ஏறிருச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க்கா."

"எதுல? அந்த வண்டியிலயா? அதத் தள்றதுக்கே நீ வேணும். என்னையும் ஏத்துனா ஊரே வரணும்."

அவன் கழுத்துத் துண்டைக் கிழித்துக் கட்டினான். அவள் பல்லைக் கடித்தாள். திட்டுவதை மட்டும் விடவில்லை.

"நாளைக்கு இந்த வெரல வெச்சு எப்படிக் கொழுந்து கிள்றது? நீயே சொல்லு. எங்க கங்காணிகிட்ட வந்து சொல்லு."

அவன் துண்டின் முடிச்சை இறுக்கினான்.

மேல் ரோட்டிலிருந்து குரல் விழுந்தது.

"டிரைவர்! நின்னுருச்சு! பிரேக் புடிச்சும் பின்னால நழுவுது! அந்தக் கல்ல எடுத்துட்டு ஓடியாங்க!"

கூடவே இனியா அலறுகிற சத்தம்.

அவன் அசையவில்லை. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை வந்து நின்றது.

அவள் மேலே பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"உள்ள கொழந்த இருக்கா?"

"இருக்குங்க்கா."

"அப்பறம் என்ன மயித்துக்கு நிக்கிற?"

சுவரிலிருந்து இறங்கினாள். காலால் ஒரு கல்லை அவன் பக்கம் உருட்டிவிட்டாள்.

அவன் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். சட்டையில் அவள் ரத்தம் ஒட்டியது.

மேட்டில் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அவன் தர வேண்டிய பாக்கி, ஒரு விரல் நகம்.